தண்ணீரைக் கண்டு நின்ற நாய்

அந்தக் காலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. வாவிக்கரைத் துறையின் கற்படியில் மொலி நின்றாள். முன்கால்கள் இரண்டும் விறைத்திருந்தன. அத்தான் எறிந்த மரக்கட்டை தூரத்தில் விழுந்து மிதந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், பிறகு தலையைத் திருப்பிக்கொண்டாள். கீழுதட்டிலிருந்து எச்சில் நூலாக இறங்கிப் படியை நனைத்தது. அத்தான் அடுத்த கட்டையை எறியவில்லை. கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போக வள்ளத்துக்குக் காத்திருந்த நான் அவர் முகத்தைப் பார்த்தேன். தண்ணீரைக் கண்டால் சங்கிலியை அறுத்துக்கொண்டு பாய்கிற நாய் தண்ணீருக்கு முன்னால் தயங்கி நின்றால் அதற்கு என்ன பொருள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். மூன்று கிழமைக்கு முன்புதான் ஒரு விசர்நாய் ஊருக்குள் புகுந்து, ஒரு கன்றையும் நாலைந்து நாய்களையும் கடித்துவிட்டுப் போயிருந்தது. கன்று நுரை தள்ளிச் செத்தது. கடிபட்ட நாய்களை ஊர்த் தலைவரான விதானையார் சுட்டுப் புதைத்தார்.

இரண்டாம் யுத்தத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முந்திய கதை இது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையை, அதாவது சூரியன் படுகிற பக்கத்தை, படுவான்கரை என்போம். அங்கே மண்டூர்த் துறையிலிருந்து வள்ளத்தில் அரை மணித்தியாலத் தூரத்தில், குளங்களையும் வாய்க்கால்களையும் மேற்பார்க்க வருகிற இஞ்சினியர் துரைக்கென்று ஒரு பங்களா இருந்தது. அக்காவின் கணவர்தான் அதன் காவலாளி. அம்மாவும் அப்பாவும் போன பிறகு நான் அவர்களோடு வந்து தங்கி, மண்டூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பித்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. அத்தானை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேச்சுக் குறைவானவர். வீட்டுக்கு மீன் வாங்கினால் முள் குறைந்த துண்டுகளை முதலில் நாய்க்கு எடுத்து வைப்பார். அக்கா ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்த அந்த நாளிலும் அப்படித்தான். துரைக்குப் பயந்து செய்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

மொலி துரையின் நாய். சீமையிலிருந்து கப்பலில் வந்தவள். ஈரல் நிறம், உடம்பு முழுவதும் ஆட்டுக்குட்டியைப் போல இறுகச் சுருண்ட மயிர், நெற்றியில் ஒரு குடுமி, வால் மட்டும் மயிரில்லாமல் எலிவாலாக இருக்கும். ஊரார் முதலில் பார்த்தபோது நாய் என்றே நம்பவில்லை. விரல்களுக்கிடையே தாராவின் காலில் இருப்பதுபோலத் தோல் படர்ந்திருக்கும். துரை மாரிகாலத்தில் கிளுவைத் தாரா சுடப் போவார். சுடுபட்ட காட்டுத்தாரா வாவியின் நடுவில் விழுந்தாலும் கரைச் சேற்றில் வளர்ந்த கண்ணாப் பற்றைக்குள் விழுந்தாலும் இவள் நீந்திப்போய்க் கவ்விவருவாள். வாய் அவ்வளவு மெது. இறகு கசங்காது, பல் தடம் இருக்காது. ஒருமுறை கோழிமுட்டை ஒன்றை அடுப்படியிலிருந்து தூக்கிவந்து, உடையாமல் அக்காவின் மடியில் வைத்தாள்.

தை மாதம் துரை ஆறு மாத லீவில் ஊருக்குப் போனார். போகுமுன் நாயைப் பார்த்துக்கொள்ள வேண்டிய விதத்தை ஒரு தாளில் எழுதி அத்தானிடம் கொடுத்தார். அத்தானுக்கு இங்கிலீசு தெரியாது. நான்தான் வரிவரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டக் கூடாது. மயிரில் ஊறியிருக்கிற எண்ணெய்தான் அவளைக் குளிரிலிருந்து காக்கிறது, அது போனால் தண்ணீர் தோலைத் தொட்டுவிடும். வாவியில் நீந்தி வந்தால் உப்புப் போகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தொங்குகிற காதுக்குள் ஈரம் நிற்கக் கூடாது. கிழமைக்கொரு தரம் அகன்ற பல் சீப்பால் தோல் வரைக்கும் வாரிவிட வேண்டும்; விட்டால் சுருள்கள் ஒட்டிக் கம்பளியாகிவிடும், உள்ளே காயமோ உண்ணியோ இருந்தாலும் தெரியாது. அடிக்கக் கூடாது, இந்த இனத்துக்கு அடித்தவனை மறக்கத் தெரியாது. ஒருநாளாவது நீந்தாமல் வைத்திருக்கக் கூடாது. அத்தான் எல்லாவற்றையும் ஒரே தரம் கேட்டார். இரண்டாவது தரம் வாசிக்கச் சொல்லவில்லை. ஒன்றையும் தவறவிடவுமில்லை, ஒரேயொரு கிழமையைத் தவிர.

இனி நான் ஒளித்துவைத்திருந்ததைச் சொல்ல வேண்டும். விசர்நாய் வந்த அன்று பின்னேரம், நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது கையில் கொப்பிக் கட்டு இருந்தது. பங்களாவின் படலையைக் காலால் தள்ளித் திறந்தேன், திரும்பிச் சாத்தவில்லை. பிறகு பார்த்தபோது மொலியைக் காணவில்லை. அத்தான் காய்ச்சலில் படுத்திருந்தார். நான் வேலியோரமாகத் தேடினேன். ஒரு மணித்தியாலம் கழித்து, அறுவடை முடிந்து கிடந்த வட்டைப் பக்கமிருந்து, வயல் வாய்க்காலில் குளித்த ஈரத்தோடு தானாக வந்தாள். நான் படலையைச் சாத்திவிட்டு வாயையும் சாத்திக்கொண்டேன். விசர்நாய் வட்டை வழியாகப் போனது என்று அடுத்த நாள் கேள்விப்பட்டபோதும் திறக்கவில்லை. மொலி நன்றாகத்தான் இருந்தாள். சொல்லி வீணாக ஏச்சு வாங்குவதேன் என்று இருந்துவிட்டேன்.

வள்ளக்காரர் துறையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். மத்தியானத்துக்குள் விதானையார் துவக்கோடு வந்தார். அதற்குள் அத்தான் மொலியைத் துறையோரத்து வள்ளக் கொட்டிலில் சங்கிலியால் கட்டி, முன்னால் தண்ணீர்ச் சட்டியை வைத்திருந்தார். அவள் சட்டியருகே மூக்கைக் கொண்டுபோவாள், நடுங்குவாள், பின்வாங்குவாள். வாய் முழுதும் மூடவில்லை. விதானையார் கொட்டில் வாசலில் நின்று பார்த்தார். கெட்ட மனிதரல்ல. சுடுவது அவருக்குப் பிடித்த வேலையுமல்ல. துரை வந்து கேட்டால் தான் பொறுப்பேற்பதாக மெதுவாகச் சொல்லிவிட்டுத் துவக்கை நிமிர்த்தினார். அத்தான் குறுக்கே நின்றார். இந்த நாய் அன்றைக்குப் படலையைத் தாண்டவில்லை, விசர்நாய் இதன் கிட்டவும் வரவில்லை, தொண்டையில் ஏதோ கிடக்கிறது, தான் பார்க்க வேண்டும் என்றார். கரைவலைக்காரர் கெளுத்தி மீனின் முள்ளை முறித்துக் கரையிலேயே எறிவார்கள், இவள் கண்டதையும் வாயில் தூக்குகிறவள் என்றார்.

பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நான் கொட்டிலின் மூலையில் நின்றேன். நாய் படலையைத் தாண்டவில்லை என்று அவர் சொன்ன இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். பேசினால் அந்த நிமிசமே வெடி விழும் என்று தெரிந்தது. பேசாவிட்டால் என்ன நடக்கும் என்று யோசிப்பதற்குள் அத்தான் முழந்தாளில் இருந்துவிட்டார். துடுப்பின் கைப்பிடியை மொலியின் கடைவாய்ப் பற்களுக்கிடையே கொடுத்து, அதை இடது கையால் பிடித்தார். கையில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொள்ளச் சொன்னார் விதானையார்.

“துணி சுத்தினா முள்ளுப் பிடிபடாது” என்றார் அத்தான். “வெறுங்கைதான் வேணும்.”

வலது கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போனது. மொலியின் கண்கள் மேலே செருகின. அத்தான் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடிக்கொண்டிருந்தார். ஒரு இழுவை, நாய் வீரிட்டது, துடுப்பு வழுக்கியது, வாய் மூடியது. அடுத்த கணம் அவர் கை வெளியே வந்தது. விரல்களுக்கிடையே மரம் அரிகிற வாள்போலப் பல் வைத்த கெளுத்தி முள் ஒன்று, சுண்டுவிரல் நீளத்தில் இருந்தது. பெருவிரலுக்குக் கீழே உள்ளங்கை கிழிந்து இரத்தம் வடிந்தது.

“கடிக்கல்ல” என்று விதானையாரைப் பார்த்துச் சொன்னார். “நோவுல வாய மூடினது.”

விதானையார் முள்ளை வாங்கிப் பார்த்தார். விசர் பிடித்த நாய் கல்லையும் கட்டையையும் முள்ளையும் கவ்வும், முள் கிடந்ததால் விசர் இல்லை என்றாகாது என்றார். ஆனாலும் நாய் வெளியே போகவில்லை என்று அத்தான் சொல்கிற ஒரு சொல்லுக்காக விட்டுப்போகிறேன் என்று துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். நான் அப்போதும் மூலையில்தான் நின்றேன்.

பொழுது படுகிற நேரம் அத்தான் கிணற்றடியில் காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன். அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போனேன், முடியவில்லை. அவர் வாளியைக் கீழே வைத்தார்.

“எவ்வளவு நேரம் வெளிய நிண்டது?”

“ஒரு மணித்தியாலம் இரிக்கும்.”

“காயம் கீயம் பாத்தியா?”

“பாக்கல்ல அத்தான்.”

“அந்தக் கிழம எனக்குக் காய்ச்சல்” என்றார், தனக்குத்தானே. “சீப்புப் போடல்ல.”

ஏசினால் நன்றாக இருக்கும் என்று நின்றேன். அவர் வாளியை எடுத்துத் திரும்பவும் காயத்தின் மேல் ஊற்றத் தொடங்கினார், வெகுநேரம் ஊற்றினார். பிறகு, “அக்காக்குச் சொல்லாத” என்றார்.

அடுத்த நாள் விடியவே எழுவான்கரைக்கு, வாவியின் கிழக்குப் பக்கத்துக்கு, வள்ளமெடுத்தோம். அங்கே ஆஸ்பத்திரி அப்போதிக்கரி காயத்தை அமிலத்தால் சுட்டார். அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்போதிக்கரி ஒரு மனிதன் விசரில் சாவதைப் பார்த்தவராம். அதை எங்களுக்கு விவரிக்க மாட்டேன் என்றார். கொழும்புக்குப் போய் வயிற்றில் நாளுக்கொரு ஊசியாகக் கிழமைக் கணக்கில் போட வேண்டும், இன்றிரவு ரயிலிலேயே போவது நல்லது என்றார். அத்தான் அக்காவின் நிலையைச் சொன்னார். தான் போனால் ஊரார் நாயைக் கொன்றுவிடுவார்கள் என்பதையும் சொன்னார். அப்போதிக்கரி யோசித்துவிட்டு, நாய் சாகக் கூடாது என்றார். அது உயிரோடு இருந்தால்தான் உண்மை தெரியும். கடித்த நாளிலிருந்து பத்து நாள் அது சுகமாக இருந்தால் அத்தானுக்குப் பயமில்லை. அதற்குள் குரல் மாறினாலோ, நாடி, அதாவது கீழ்த்தாடை, தொங்கினாலோ, கால் இழுத்தாலோ, ஒரு நிமிசமும் நிற்காமல் ரயிலேற வேண்டும். திரும்பிவரும் வழியில் அத்தான் விதானையார் வீட்டுப் படியில் ஏறினார். என்னை வள்ளத்தில் இருக்கச் சொன்னார். படலை திறந்து கிடந்ததையும் நாய் வெளியே போனதையும் சொல்லிவிட்டதாக வந்து சொன்னார். சாத்த மறந்தது தான்தான் என்று சொல்லியிருந்தார். பத்து நாள் பொறுத்துப் பார்க்க விதானையார் ஒத்துக்கொண்டாராம்.

அந்தப் பத்து நாட்களைப் போல நீண்ட நாட்களை நான் பிறகு கண்டதில்லை. அத்தான் சங்கிலி எட்டுகிற தூரத்தை அளந்து, கொட்டில் தரையில் சாம்பலால் கோடு போட்டார். அதைத் தாண்டுவது அவர் மட்டும். சோறு கொண்டுபோக நான் கேட்டேன், வேண்டாம் என்றார். தண்ணீர் அள்ளித் தரவா என்று கேட்டேன், அதற்கும் வேண்டாம். கோபமாகச் சொல்லவில்லை, அதனால் திரும்பக் கேட்க முடியவில்லை. முதல் இரண்டு நாள் மொலி சட்டியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலை நாக்கை நீட்டி நாலு தரம் நக்கினாள். அத்தான் சட்டியில் விரலை வைத்து எவ்வளவு குறைந்திருக்கிறதென்று பார்த்தார். வாயிலிருந்து வடிந்த எச்சிலில் கழுத்துச் சுருள்கள் ஒட்டிக் கட்டியாகத் தொடங்கியிருந்தன. அவர் சீப்பை ஒரு மூங்கில் தடியின் நுனியில் கட்டி, கோட்டுக்கு வெளியே இருந்து வாரினார். பின்காலின் உட்பக்கம் வந்ததும் சீப்பு எதிலோ தட்டியது. நாய் சிணுங்கியது. அவர் கோட்டைத் தாண்டிப்போய் மயிரை விலக்கிப் பார்த்துவிட்டு வந்தார். ஆறிப்போன வடு, இரண்டு அரிசி நீளம். வேலிக் கம்பியில் கீறியதாகவும் இருக்கலாம், பல்லாகவும் இருக்கலாம். எது என்று சொல்ல அவருக்கும் முடியவில்லை.

ஆறாம் நாள் பின்னேரம் அவள் குரைத்தாள். குரல் அவளுடையதாக இல்லை. அடைத்து, கரகரத்து, கடைசியில் உடைந்தது. அத்தான் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். கோடரியை அப்படியே மரத்தில் விட்டுவிட்டுக் கொட்டிலுக்குப் போனார். வெகுநேரம் அங்கேயே குந்தியிருந்தார். நாடி தொங்கவில்லை, கால் இழுக்கவில்லை. முள் கிழித்த தொண்டை வீங்கியும் குரல் அடைக்கலாம். எழுந்து வந்து இரண்டு சாரனையும் ஒரு சேட்டையும் பைக்குள் மடித்து வைத்தார். விடியும் வரை பார்க்கலாம் என்று மட்டும் எனக்குச் சொன்னார். அக்கா பையைப் பார்த்துவிட்டாள். கைக்காயம் மரக்குச்சியால் வந்தது என்று அதுவரை நம்பியிருந்தவள் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். என்னால் இன்னொரு தரம் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் இருந்தாள்.

“படலையத் திறந்து விட்டது நீ, கையக் குடுத்தது அவர்” என்றாள். “நான் ஆரோடகா கோவிக்கிற?”

அன்றிரவு மூவரும் உறங்கவில்லை. விடிந்ததும் அத்தான் கொட்டில் வாசலில் நின்று அவள் பெயரைச் சொன்னார். அவள் குரைத்தாள். கரகரப்பு இருந்தது, ஆனால் முதல் நாளைவிடக் குறைவு. அத்தான் பையை அவிழ்க்கவில்லை, ரயிலும் ஏறவில்லை. அடுத்த நாள் இன்னும் தெளிந்தது. ஒன்பதாம் நாள் சட்டித் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டுச் சட்டியைக் கவ்விக்கொண்டு நின்றாள்.

பத்து நாள் முடிந்தும் அவர் மொலியை அவிழ்க்கவில்லை. முள் எடுத்த நாளை ஒன்றென்று எண்ணுவதா, மறுநாளையா என்று அவருக்குச் சந்தேகம். பதினோராம் நாள் காலை விதானையார் துவக்கோடு வந்து நின்றார். அக்காவும் வாசலுக்கு வந்தாள். அத்தான் சங்கிலியைக் கழற்றினார். மொலி கோட்டருகே வந்து, சங்கிலி இழுக்காததை நம்பாதவள் போல ஒருதரம் நின்றாள். பிறகு எங்கள் எவரையும் பார்க்காமல் துறைக்கு நடந்தாள், படியில் இறங்கினாள், மார்பு நனையும் வரை போனாள். அங்கே நின்று மூச்சு விட்டாள். விதானையாரின் கை துவக்கில் இருந்ததை நான் பார்த்தேன். அவள் தலையைத் தாழ்த்திப் பாய்ந்தாள். எலிவால் பின்னால் சுக்கான்போல நேராகக் கிடக்க, வாவியின் நடுவை நோக்கி நீந்தினாள். அத்தான் கரைச் சேற்றிலேயே இருந்துவிட்டார். அவர் தோள்கள் குலுங்கியதை ஒருவரும் பார்க்காததுபோல விதானையார் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது எனக்கு எண்பது தாண்டிவிட்டது. கொழும்பில் மகன் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. போத்தலில் வருகிற வாசனைச் சவர்க்காரத்தால் அதைக் குளிப்பாட்டி, சூடான காற்றால் உலர்த்துகிறார்கள். தோல் வறண்டு சொறிகிறது என்று ஊசி போடுகிறார்கள். எண்ணெயைப் போக்காதீர்கள் என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் அந்த நாயின் வாயைப் பிளந்து பல் எண்ணுவதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் உள்ளங்கை வேர்க்கிறது. ஒரு மனிதன் தெரிந்தே செய்கிற துணிவைப் பலர் பாராட்டுவார்கள். அத்தானுடையது அப்படியல்ல. நான் சொல்லாமல் விட்டதால், நாய் வெளியே போகவில்லை என்று நம்பி அவர் கையைக் கொடுத்தார். அது தெரிந்த பிறகும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. தாங்க முடியாததாகவும் இருந்தது.

ஆடி மாதம் துரை திரும்பிவந்தார். அதற்குள் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தது. துரைக்குக் கொழும்புக்கு மாற்றம் கிடைத்திருந்தது. நாயைக் கூட்டிப்போக வந்திருந்தார். வரும் வழியில் விதானையாரைக் கண்டு கதை முழுவதையும் கேட்டிருந்தார். விறாந்தையில் நின்றபடியே, ஊரில் விசர்நாய் திரிந்த நாளில் படலையைத் திறந்து விட்டது உண்மையில் யார் என்று இங்கிலீசில் கேட்டார். முகம் சிவந்திருந்தது. நான் அத்தானுக்குத் தமிழில் சொன்னேன்.

“நான்தான் எண்டு சொல்லு புள்ள” என்றார் அத்தான். “காய்ச்சலில கிடந்து மறந்திற்றன் எண்டு சொல்லு.”

துரை என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இங்கிலீசில், படலையைத் திறந்து விட்டது நான், பயத்தில் அதை ஒளித்ததும் நான், இவர் கையை வாய்க்குள் விட்டபோது நாய் வெளியே போனது இவருக்குத் தெரியாது என்றேன். துரை என்னையே நெடுநேரம் பார்த்தார். பிறகு அத்தானின் வலது கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பி, வெள்ளையாக இறுகிக் கிடந்த வடுவைப் பார்த்தார். கையை விட்டார். மொலியைக் காரில் ஏற்றினார். அவள் பின்கண்ணாடியில் மூக்கை வைத்து, கார் திரும்பும் வரை எங்களைப் பார்த்தாள்.

புழுதி அடங்கிய பிறகு அத்தான் துறைப் பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன்.

“நான் சொன்னத நீ சொல்லல்ல, என்ன?” என்றார், திரும்பாமலே.

“இல்ல.”

“எனக்கு விளங்கினது. நான் திறந்ததெண்டா துரை என்னத்தானே பாத்திருப்பார். அவர் உன்னயெல்லோ பாத்தார்.”

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை. கச்சான் காற்றில் வாவி அலையடித்து வள்ளம் கல்லில் மோதிக்கொண்டிருந்தது. அவர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, வள்ளத்தின் முன்முனையான அணியத்தைப் பிடித்தார்.

“மேல இழுத்து வைக்கணும்” என்றார். “அந்தப் பக்கம் பிடி.”

அந்த வீட்டில் நான் இருந்த காலத்தில் அவர் ஒரு வேலைக்கும் என் கையைக் கேட்டதில்லை. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன்.